ஊற்றுக்கண் பார்த்துப் போட்ட பாதை

மரீ ஊர் எல்லையில் சாலையோரம் ஒரு பெரிய பலகை நிற்கிறது. அங்கிருந்து பிரியும் பாலைவனப் பாதைகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், பாதை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் தகடு. மூடியிருக்கும்போது வண்டியை இறக்கினால் அபராதம். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 200 மில்லிமீட்டர் மழை தேறாத பூமியில் மழைக்குப் பயந்து சாலையை மூடுவார்களா என்று கேட்டேன். பக்கத்தில் டீசல் போட்டுக்கொண்டிருந்தவர் பேசாமல் தன் வண்டியின் சக்கரத்தைக் காட்டினார். மட்கார்டுவரை அப்பிக் காய்ந்து கல்லாகிப்போன சிவப்புக் களிமண். போன மாதம் பெய்ததாம். பாதியை உளி வைத்துக் கொத்தி எடுத்திருக்கிறார்.

எங்கள் பாதைக்கு எதிரே ‘திறந்திருக்கிறது’ என்று இருந்தது. ஊட்னடாட்டா பாதை. தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீயிலிருந்து வடமேற்கே மார்லாவரை ஏறக்குறைய 620 கிலோமீட்டர். தார் கிடையாது. நடுவில் பெட்ரோல் கிடைக்கும் ஊர்கள் இரண்டே இரண்டு: வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா. ஒவ்வொன்றுக்கும் நடுவே 200 கிலோமீட்டர்.

அடிலெய்டில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பெற்றோரை வழக்கமாகக் கடற்கரைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் அழைத்துப்போவார்கள். என் வீட்டுக்காரர் கேட்டது இந்தப் பாதையை. அவர் தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சேர்ந்த புதிதில் சின்ன ஊர்களில் மோர்ஸ் தட்டியவர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியே நிறுத்தப்பட்டபோது, எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்த மாதிரிதான் இருந்தது. அவர் படித்துவைத்திருந்த விஷயம் இது: 1872-இல் ஆஸ்திரேலியாவின் தெற்கையும் வடக்கையும் இணைத்த தந்திக் கம்பி இந்தப் பாதையின் ஓரமாகத்தான் போனது. சார்லஸ் டாட் என்ற அதிகாரியின் தலைமையில் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின்வரை சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம், 36,000 கம்பங்கள், இரண்டே ஆண்டு வேலை. டார்வினிலிருந்து கடலடிக் கேபிள் ஜாவாவுக்கு. அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு. பினாங்கிலிருந்து கடலுக்கடியில் நேராக மெட்ராஸ். அப்புறம் பம்பாய், சூயஸ், லண்டன். கப்பலில் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த சேதி சில மணி நேரத்தில் வர ஆரம்பித்தது.

“அடிலெய்டு சேதி எல்லாம் நம்ம மெட்ராஸ் வழியாத்தான் லண்டன் போயிருக்கு, தெரியுமா?” என்று மாப்பிள்ளையிடம் அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், அந்தச் சேதிகளை இவரே வாங்கி அனுப்பியதுபோல இருந்தது. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கொடுத்துவிட்டார். கூடவே இரண்டு ஸ்டெப்னி, தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கணக்கில் தண்ணீர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ, வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் போன். நான் என் பங்குக்கு அரிசி, கேஸ் அடுப்பு, ஒரு பெரிய பாட்டில் புளிக்காய்ச்சல். வண்டியை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவதென்று பேச்சு.

அவர் கம்பியைத் தேடி வந்தார். கம்பி ஏன் இந்த வழியாக வந்தது என்பதுதான் போகப் போக என்னைப் பிடித்துக்கொண்டது.

மரீயில் இன்று நூறு பேர் இருந்தால் அதிகம். 1884-இல் ரயில் இங்கே வந்தபோது இது பெரிய ஒட்டகச் சந்தி. அதற்கும் முன்னால், 1866-இல், தாமஸ் எல்டர் என்ற பண்ணை முதலாளி கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஒட்டகக்காரர்களையும் கப்பலில் வரவழைத்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் இங்கே ‘ஆப்கான்’ என்றே சொன்னார்கள். வந்தவர்களில் பலூச்சிகள், சிந்திகள், பஞ்சாபிகள், பெஷாவர்க்காரர்கள் எல்லோரும் உண்டு. ஊரின் நடுவே ஓடிய தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். கம்பளி மூட்டை, மாவு மூட்டை, தந்திக் கம்பம், ரயில் கட்டை எல்லாம் அவர்கள் ஒட்டகங்களின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோனவைதான். 1901-க்குப் பிறகு வெள்ளையரல்லாதாரை உள்ளே விடாத சட்டம் வந்ததும், ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாமல் பல பேர் நின்றுபோனார்கள்.

அவர்கள் கட்டிய மசூதியின் மாதிரியொன்றை மண் சுவரும் கூரையுமாக இப்போது எழுப்பி வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே பார்க்க முடியும். பக்கத்தில் பேரீச்ச மரங்கள். லாரி வந்த பிறகு ஒட்டகத்துக்கு வேலையில்லை. 1925-இல் ஒட்டகங்களைச் சுட்டுத் தீர்க்க வழிசெய்யும் சட்டத்தையே தெற்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்தது. வளர்த்த கையால் கொல்ல மனசில்லாமல் பலர் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். நடுப் பாலையில் இன்று காட்டு ஒட்டகமாகத் திரிபவை அவற்றின் வாரிசுகள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பெயர்கள் கொண்ட கல்லறைகளை ஊர் இடுகாட்டின் தனி மூலையில் பார்த்தபோது, உயிரோடிருந்தபோது போட்ட தண்டவாளக் கோடு இங்கேயும் நீள்கிறதே என்று தோன்றியது.

மரீயை விட்டதும் டயரில் காற்றைக் குறைத்தோம். கூர்ங்கற்களின் மேல் விறைப்பான டயர் சீக்கிரம் கிழியும். சாலை முழுக்கக் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடும் பள்ளமும். மெதுவாகப் போனால் பல்லெல்லாம் ஆடுகிறது. எழுபது எண்பதில் போனால் வண்டி மேடுகளின் தலையை மட்டும் தொட்டு ஓடுகிறது, ஆனால் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்பதில்லை. எதிரே வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைக்கிறார். அரை மணிக்கொரு வண்டிதான் என்பதால் இந்த மரியாதை கட்டுப்படியாகிறது. மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரி வந்தால் மட்டும் ஓரங்கட்டி நின்றுவிட வேண்டும். அது போன பிறகு ஐந்து நிமிஷம் உலகமே தெரியாது.

நாய் வேலியைக் கடந்தோம். டிங்கோ நாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்க 5,600 கிலோமீட்டருக்கு மேல் இழுத்த கம்பி வேலி. தெற்கே ஆடு, வடக்கே மாடு. இரண்டு விமானங்களை வால் தரையில் ஊன்ற நிமிர்த்தி வைத்த சிற்பத் திடல் ஒன்றும் வந்தது. அவர் இறங்கிப் படமெடுத்தார். நான் இறங்கவில்லை.

ஏர் ஏரியின் தென்பகுதி சாலையிலிருந்தே தெரிகிறது. அரபானா மக்கள் அதைக் கட்டி தண்டா என்கிறார்கள். 2012 முதல் அரசு ஏட்டிலும் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த வருஷமே இந்த நிலத்தின் மீது அவர்களுடைய உரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஏரி கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே, ஆஸ்திரேலியாவின் ஆகத் தாழ்ந்த இடம். பெரும்பாலும் உப்புப் படுகை. குயின்ஸ்லாந்தில் பெருமழை பெய்தால் வெள்ளம் வாரக்கணக்கில் நடந்து இங்கே வந்து தேங்கும், பறவைகள் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்துவிடும். 1964-இல் டொனால்டு காம்பெல் இந்த உப்பின் மேல்தான் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை வைத்தார். எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை மட்டும். ஏரிப் படுகையில் கால் வைக்க வேண்டாம் என்பது அரபானா மக்களின் வேண்டுகோள். பார்வை மேடையிலேயே நின்றுவிட்டோம்.

இனி வருவதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் உயிர்நாடி. வப்மா கடார்பு என்ற காப்பகத்துக்குள் கிளைச்சாலையில் திரும்பினால், வறண்ட சமவெளியில் மொட்டை மேடுகள் தெரிகின்றன. ஏறிப் பார்த்தால் உச்சியில் வட்டமாகத் தண்ணீர், சுற்றிலும் கோரை. பிளாஞ்ச் கப் என்று பெயர். கொஞ்சம் தள்ளி இன்னொன்று: பப்ளர். அதன் அடியிலிருந்து சாம்பல் மணல் சில நிமிஷத்துக்கொரு முறை பொங்கி, விரிந்து, அடங்குகிறது. ஒரு பெரும்பாம்பு துடிக்கிற துடிப்பு அது என்கிறது அரபானா மக்களின் பழங்கதை.

நீரியல்காரர்கள் சொல்வதும் சாமானியக் கதையல்ல. குயின்ஸ்லாந்தின் கிழக்கு மலைகளில் விழுந்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, வருஷத்துக்குச் சில மீட்டர் என்ற வேகத்தில் கண்டத்தின் அடியில் ஊர்ந்து வருகிறது. கிரேட் ஆர்ட்டீசியன் படுகை என்ற அந்த நிலத்தடி நீர்ப்பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதன் தென்மேற்கு விளிம்பில், மேலே மூடியிருக்கும் பாறை விரிசல் விட்ட இடங்களில், அழுத்தம் தாங்காமல் தண்ணீர் பீறிடுகிறது. கொண்டுவந்த சுண்ணாம்பை வாயிலேயே கக்கிக் கக்கி மேடாக்கிக்கொள்கிறது. நம் ஊர் போர் தண்ணீர் கெய்சரில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான், ஆயிரக்கணக்கான வருஷமாக யாரும் சுரண்டாமல் விட்டது. இங்கே பீறிடும் தண்ணீரின் வயது பத்து லட்சம் வருஷத்துக்கும் மேலிருக்கலாம் என்கிறார்கள். கரையோரக் கோரையில் ஒரு சின்னப் பறவை நனைந்துகொண்டிருந்தது.

இந்த விளிம்பையொட்டி ஊற்றுகள் ஒரு வில்போல வளைந்து வடக்கே போகின்றன. அரபானா மக்களும் அண்டைக் குடிகளும் காவிக் கல்லையும் மற்ற பண்டங்களையும் மாற்றிக்கொள்ள நடந்த பழைய தடம் ஊற்றுக்கு ஊற்று போனது. 1858-லிருந்து ஜான் மெக்டுவால் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி குதிரைகளோடு வந்து, அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு 1862-இல் வடகடலைத் தொட்டார். ஸ்டூவர்ட் போன வழியில் தந்திக் கம்பி போனது, ஆட்களுக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் வேண்டுமே. கம்பி போன வழியில் ரயில். நீராவி எஞ்சினைவிடத் தாகமுள்ள மிருகம் உண்டா? ரயில் போன வழியில் இப்போது நாங்கள், மினரல் வாட்டர் கேனோடு.

ஊற்றுகளுக்கு வைத்த பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஞ்ச், அன்றைய கவர்னரின் மனைவி. வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள ஆலிஸ், தந்தி அதிகாரி டாடின் மனைவி. வீட்டுக்காரிகள் அடிலெய்டில் இருக்க, அவர்கள் பெயர் மட்டும் பாலைவனத்துக்குப் போயிருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் உண்மையில் ஊற்றே அல்ல, ஆற்று மடுவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து ஏமாந்தது. அந்த ஆற்றுக்கு டாட் ஆறு என்று பெயர். வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும். இதை நான் சொன்னதும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம் போட்டோம். ரயில்வேக்காரர்கள் 1880-களில் இறக்கிய ஆழ்குழாய் துருப்பிடித்து, கட்டுக்கடங்காமல் வழிந்து, ஒரு சதுப்பு நிலத்தையே உண்டாக்கிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பழைய ரயில் கட்டைகளால் அடைத்த தொட்டி ஒன்றில் விட்டிருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குக் குளிர் நடுக்கியது, தண்ணீர் இளஞ்சூடு. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதைத் தொட்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் ஆர்வமாகப் பார்த்தார். பேச்சு தண்ணீரில் ஆரம்பித்துத் தண்ணீரிலேயே முடிந்தது. 1878 முதல் படுகையெங்கும் கிணறு தோண்டித் திறந்தபடியே விட்டதில் அழுத்தம் குறைந்து, பல ஊற்றுகள் செத்துவிட்டன என்றார். பழைய கிணறுகளுக்கு இப்போது மூடி போடுகிறார்கள். இன்னொரு பக்கம், தெற்கே ஒலிம்பிக் டாம் தாமிர, யுரேனியச் சுரங்கத்துக்கு இந்தப் படுகையிலிருந்து நாளொன்றுக்கு மூன்று கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. தங்கள் ஊற்றுகள் இளைத்துவருவதாக அரபானா மூத்தவர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். “மாட்டுக்குக் கணக்கு கேட்கிறார்கள், சுரங்கத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள்” என்றார் பண்ணைக்காரர். அவர் கட்சி அவருக்கு. ஆனாலும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஸ்ட்ராங்வேஸ் ஸ்பிரிங்ஸ். இவர் கண்டம் கடந்து வந்தது இதற்காகத்தான். சாலையிலிருந்து விலகி நடந்தால் கூரையில்லாத கற்சுவர்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ஊற்று மேடுகள். 1896-இல் வில்லியம் கிரீக்குக்கு மாற்றும்வரை இங்கேதான் தந்தி நிலையம். கம்பியில் ஓடும் மின்சாரம் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் சோர்ந்துவிடும். அதனால் வழிநெடுக நிலையங்கள். ஒரு பக்கம் வரும் ‘கட்டுக்கடா’ மோர்ஸ் ஓசையைக் கேட்டு எழுதி, மறுபக்கம் திரும்பத் தட்டி அனுப்ப வேண்டும். இவர் சுவருக்குச் சுவர் நடந்து, மேஜை எங்கே போட்டிருப்பார்கள், பேட்டரி அறை எது, இராத்திரி டியூட்டிக்காரன் எங்கே படுத்திருப்பான் என்று தீர்மானித்துக்கொண்டே போனார்.

அப்போதுதான் ஸ்டேபிள்டன் கதையைச் சொன்னார். 1874 பிப்ரவரியில், வெகு வடக்கே பாரோ கிரீக் நிலையத்தைக் கைடட்டி பழங்குடியினர் தாக்கினார்கள். தந்தி மாஸ்டர் ஜேம்ஸ் ஸ்டேபிள்டனுக்கு ஈட்டிக் காயம். நூற்றுக்கணக்கான மைலுக்குள் மருத்துவர் இல்லை. அடிலெய்டு தந்தி ஆபீசுக்கு அவர் மனைவியை வரவழைத்தார்கள். சாகக் கிடந்தவரின் கடைசி வார்த்தைகள் கம்பி வழியே அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கம்பி இந்தச் சுவருக்கு வெளியேதான் போனது. அதன் பிறகு பழிவாங்கப் புறப்பட்ட போலீஸ் கூட்டம் கைடட்டி மக்களில் எத்தனையோ பேரைக் கொன்றது. அவர்களுக்குக் கடைசி வார்த்தை சொல்லக் கம்பி இல்லை. அவர்களுடைய நீர்நிலையின் மேல்தான் நிலையத்தைக் கட்டியிருந்தார்கள்.

“நடுவுல உட்கார்ந்து இதை வாங்கி அனுப்பினவன் நிலைமையை நெனச்சுப் பாரு” என்றார்.

“நீங்க அனுப்பினதில்லையா சாவுச் சேதி?”

“தினம் அனுப்பியிருக்கேன். கை தட்டும், மனசு படிக்கக் கூடாது. படிச்சா அடுத்த தந்தி தப்பாப் போகும்.”

இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

வில்லியம் கிரீக்கில் நிரந்தரமாக இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சுற்றியுள்ளதெல்லாம் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை. உலகத்திலேயே பெரியது என்ற பெயர் அதற்கு. பழைய மதுக்கடையின் சுவரும் கூரையும் தெரியாதபடி வந்துபோனவர்கள் விசிட்டிங் கார்டும் தொப்பியும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். டீசல் விலை பற்றி எழுதினால் வயிறு எரியும்.

அதற்கு அப்பால் பின் டயர் கிழிந்தது. நாங்கள் ஜாக்கியோடு மல்லுக்கட்டுவதற்குள் இரண்டு வண்டிகள் நின்றுவிட்டன. இந்தப் பாதையில் யாரும் யாரையும் கடந்துபோவதில்லை. ஒரு மூதாட்டி இறங்கிவந்து, நட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டுமென்று என் வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தார். அவர் கணவர் எனக்குத் தேநீர் கொடுத்தார்.

சாலை நெடுக, கூடவே வரும் ரயில் மேட்டில் தண்டவாளம் இல்லை. கர்டிமர்கா போன்ற நிலையங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அங்கே நிற்கும் உயரமான இரும்புக் கோபுரங்கள், ஊற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிரித்து எடுக்க வைத்தவை. அப்படியே ஊற்றினால் கொதிகலன் பாழ். நீல்ஸ் ஆற்றின் மேல் அல்ஜிபக்கினா பாலம், 1892-இல் கட்டியது, 19 கண்கள், 578 மீட்டர். கீழே சாதாரண நாளில் ஒரு மடுவில்தான் தண்ணீர். ‘கான்’ என்று பெயரெடுத்த அந்த ரயில் வெள்ளத்தில் மாட்டி நாட்கணக்கில் நின்ற கதைகள் ஊருக்கு ஊர் கிடைக்கும். 1954-இல் டீசல் எஞ்சின் வந்தது. தண்ணீர் வேண்டாமென்றானதும் ரயிலுக்கு ஊற்றுகளின் தோழமையும் வேண்டாமென்றாயிற்று. 1980-இல் வெள்ளம் எட்டாத மேற்கு வழியாகப் புதுப் பாதை போட்டுக்கொண்டு போய்விட்டது. தந்திக்கும் தேவை முடிந்தது. ஊற்றை நம்பிப் பின்னால் வந்தவர்கள் வேலை தீர்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அரபானா மக்கள் கிளம்பவில்லை.

ரயில் நின்ற பிறகு ஊட்னடாட்டா ஊர் ஒரேயடியாகக் காலியாகாமல் பார்த்துக்கொண்டதில் ஆடம் பிளேட், லின்னி பிளேட் என்ற தம்பதிக்குப் பெரும் பங்குண்டு. கடை முழுக்க இளஞ்சிவப்புச் சாயம் பூசி, வழியெங்கும் கையால் எழுதிய பலகைகள் நட்டு, இந்தத் தடத்துக்கு ஒரு பெயரும் வரைபடமும் உண்டாக்கியவர்கள் அவர்கள். ஆடம் 2012-இல் ஒரு கார் பந்தயத்தில் இறந்துவிட்டார். அவர்கள் நட்ட குறிப்புகள் இல்லாமலிருந்தால், பாதி இடிபாடுகளை நாங்கள் கல்லென்று நினைத்துக் கடந்திருப்போம். பிங்க் ரோட்ஹவுஸில் சாவி வாங்கிக்கொண்டு பழைய ரயில் நிலைய மியூசியத்தை நாமே திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும். 1960 ஜனவரி 2 அன்று இந்த ஊரில் 50.7 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் போன அன்று காலையில் நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

மார்லாவில் தார்ச்சாலை. டயருக்குக் காற்றடிக்கும்போதே இவர் வரைபடத்தை போனட்டில் விரித்துவிட்டார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 450 கிலோமீட்டர், அங்கே தந்தி நிலையத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்களாம். பாரோ கிரீக் அதற்கும் வடக்கே 280.

“பாத்துட்டே வந்துடலாமே?”

“தார் ரோடுதானே, நானே ஓட்டுறேன்” என்றேன். “ஆனா வண்டி வர இன்னும் ஒரு வாரம் ஆகும்னு மாப்பிள்ளைகிட்ட நீங்கதான் சொல்லணும்.”